கூரைக்கு மேலால் ஒரு விளக்குமாறு

கொன்றையடிச் சைவப் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார் நமசிவாயத்துக்குக் கல்யாணமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு பிள்ளை பிறக்கப் போகிறது என்றதும் ஊரே சந்தோஷப்பட்டது. அந்தப் பிள்ளை கொஞ்சம் பிந்திப் பிறக்க வேண்டுமென்று அதே ஊர் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டதும் உண்மை. சந்தோஷத்தையும் நேர்த்தியையும் ஒரே வாயால் சொன்னவர்களைக் குறை சொல்ல முடியாது. காரணம் இருந்தது.

போன மாரி மழைக்குப் பள்ளிக்கூடத்தின் கூரை மண்சுவரையும் இழுத்துக்கொண்டு விழுந்துவிட்டது. மரத்தடியில் நடத்தினால் அது பள்ளிக்கூடமல்ல என்று அரசாங்கம் சொல்லிவிட்டதால், பிள்ளையார் கோயில் மதிலுக்குள் இருந்த மடத்துக்குப் பிள்ளைகளும் சிலேட்டுகளும் கரும்பலகையும் இடம் மாறின. ஓட்டுக் கூரை, சாந்து பூசிய நிலம், கல்தூண்கள். பழைய கொட்டிலோடு பார்த்தால் அரண்மனை. ஆனால் கோயில் மதிலுக்குள் தீட்டுப்பட்ட துடக்குக்காரர் காலடி வைக்கக்கூடாது. சாவு விழுந்தாலும் சரி, பிள்ளை பிறந்தாலும் சரி, அந்த வீட்டுப் பங்காளிகள் எல்லாருக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. கொன்றையடியிலோ பங்காளியல்லாதவனை விளக்குப் பிடித்துத்தான் தேடவேண்டும். நமசிவாயத்துக்கு ஒரு பிள்ளை பிறந்தால், அவருடைய பள்ளிக்கூடத்தில் குருக்களின் மகன் ஒருவனைத் தவிர வேறு பிள்ளை மிஞ்சாது. வாத்தியாரும் மிஞ்சமாட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வித்தியாதரிசி வரப் போவதாகத் தகவல் வந்தது. பள்ளிக்கூடங்களைப் பார்வையிட்டு, இது இருக்கலாம், இது வேண்டாம் என்று எழுதுகிற உத்தியோகத்தர் அவர். அவர் வேண்டாம் என்று எழுதினால் கொன்றையடிப் பிள்ளைகள் எல்லாரும் சந்தியில் கிறிஸ்துநாயகம் வாத்தியார் நடத்தும் மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டியதுதான். நமசிவாயம் வேறு வேலை தேட வேண்டியதுதான். அவருக்கு வேறு வேலை ஒன்றும் தெரியாது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கவிட்டால் பாத்தியை மறந்து வாய்க்காலோரம் நின்று செய்யுள் சொல்லுவார்.

இந்த ஒரு தலையிடி போதாதென்று இன்னொன்றும் இருந்தது. போன முறை வந்த வித்தியாதரிசி, சந்தியில் ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கும்போது கூப்பிடு தூரத்தில் இன்னொன்று எதற்கு, பெண்பிள்ளைகளைச் சேர்த்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்று தொடக்கம் நமசிவாயம் படலை படலையாக ஏறி இறங்கினார். பெண்பிள்ளை படித்தால் குடும்பம் படித்தது போல என்றார். உடுவிலில் பெண்களுக்குக் கல்லூரியே நடக்கிறதே என்றார். உடுவில் உடுவிலில் இருக்கட்டும் என்று சொல்லிக் கோப்பி கொடுத்து அனுப்பினார்கள். நமசிவாயம் குடித்த கோப்பிக்குக் கணக்கில்லை, சேர்ந்த பெண்பிள்ளை ஒன்றுமில்லை.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தது ஏரம்பரைத்தான். ஏரம்பர் பள்ளிக்கூடத்துக்கு மனேச்சர், கோயிலுக்குத் தருமகர்த்தா, நமசிவாயத்துக்குப் பெரியப்பு. அவர் வீட்டிலேயே மூன்று பேத்திகள் பாயிழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அனுப்பினால் ஊர் அனுப்பும். பொங்கலன்று கோயில் வாசலில் நாலுபேர் முன்னிலையில் நமசிவாயம் இதை நேரே கேட்டுவிட்டார். ஏரம்பர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"தம்பி, பிள்ளையில்லாதவனுக்கு ஊரார் பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறது சுகம். முதல் உனக்கொரு பொம்பிளைப்பிள்ளை பிறக்கட்டும். பிறக்கிற அண்டைக்கே என்ரை பேத்தியவை மூண்டுபேரையும் நானே கையிலை பிடிச்சுக் கூட்டிவந்து இருத்துறன். பிள்ளையாராணை."

நாலுபேரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? நமசிவாயத்தின் அப்பனோடு கூடப்பிறந்தது எல்லாம் ஆண், நமசிவாயத்தோடு கூடப்பிறந்ததும் ஆண். நடக்காதென்று நிச்சயம் தெரிந்த பிறகுதான் ஏரம்பர் சத்தியம் பண்ணுவார். ஆனால் பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் நமசிவாயத்தின் மனைவி பூரணத்துக்கு மசக்கை வந்தது. அன்றிலிருந்து நமசிவாயம், தன் காதுக்கே கேட்காத குரலில், பெண்ணாய்ப் பிறக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்காக என்று தொடங்கிய வேண்டுதல்தான். போகப் போகப் பள்ளிக்கூடம் அதிலிருந்து நழுவிவிட்டது. சும்மாவே வேண்டும் போல இருந்தது.

இப்போது மாதம் நிறைந்து, வித்தியாதரிசி வரும் நாளும் பிள்ளை வரும் நாளும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன. ஏரம்பரும் நமசிவாயமும் குருக்களிடம் போய் நின்றார்கள். குருக்களுக்கும் தன் மகன் தனியே குந்தியிருந்து படிப்பதில் விருப்பமில்லை. கண்ணை மூடி யோசித்தார்.

"பங்காளி ஒருத்தன் கொழும்பிலை இருக்கிறான் எண்டு வைப்பம். தந்தி கிடைக்குமட்டும் அவன் கோயிலுக்குப் போய்வாறான்தானே? அறிஞ்சால்தான் துடக்கு. அதுவும் ஆராவது வாயாலை சொல்லி, காதாலை கேட்டால்தான்."

அதோடு காரியம் முடிந்தது. வித்தியாதரிசி போகும்வரை பூரணத்தின் வீட்டுச் செய்தியை யாரும் யாருக்கும் வாயால் சொல்லக்கூடாது என்று ஊர் தீர்மானித்தது. ஒரு செய்தியை அரைநாள் வாய்க்குள் வைத்திருந்த வரலாறு கொன்றையடிக்கு இல்லை. இருந்தாலும் துணிந்து இறங்கினார்கள்.

வித்தியாதரிசி வரும் நாள் விடிந்தபோது பூரணத்துக்கு நோவு கண்டது. அவர்களுடைய வீடு கோயிலின் பின்மதிலோடு ஒட்டியது. மடத்திலிருந்து பார்த்தால் கூரையின் முகடு தெரியும். மருத்துவிச்சி இரத்தினம்மா வந்து வெந்நீர் வைத்தாள். நமசிவாயம் வேட்டியும் சால்வையுமாக முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தார். பள்ளிக்கூடம் கிடக்கட்டும், நான் இங்கேயே நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். பூரணம் அறைக்குள் இருந்தே முந்திக்கொண்டாள்.

"இஞ்சை நிண்டு நீங்கள் என்னத்தைப் பிடுங்கப் போறியள்? போய்ப் பள்ளிக்கூடத்தைக் காப்பாத்துங்கோ. இதை நான் பாக்கிறன்."

நமசிவாயம் போனார். கால்தான் போயிற்று.

வித்தியாதரிசி பொன்னம்பலம் காரில் வந்து இறங்கினார். கோட்டும் தலைப்பாகையும், கையில் ஒரு பிரம்பும். சிரிக்கிற பழக்கம் இல்லாதவர் என்று ஏற்கெனவே கேள்வி. மடத்தைச் சுற்றி வந்து பிரம்பால் தூண்களைத் தட்டினார், ஓடுகளை அண்ணாந்து பார்த்தார், நிலத்தைச் சப்பாத்தால் உரசினார். கதிரையில் அமர்ந்து, கட்டடம் திருப்தி என்று எழுதிக் கீழே ஒரு கோடும் போட்டார். ஏரம்பர் பக்கத்தில் நின்று, அந்தத் தூண்களைத் தானே கையால் கடைந்தவர் போலத் தலையாட்டினார். கட்டடம் முடிந்தது, இனிப் பிள்ளைகள்.

மூன்றாம் வகுப்பு வாசிக்கத் தொடங்கியபோது பின்மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு சிறு அழுகை வந்தது. பச்சைப் பிள்ளையின் அழுகை. எவனோ ஒரு கெட்டிக்காரப் பயல் எழும்பி ஏழாம் வாய்ப்பாட்டைப் பிடித்தான். அவ்வளவுதான், முழுப் பள்ளிக்கூடமும் சேர்ந்துகொண்டது. ஏழேழு நாற்பத்தொன்பது என்று அவர்கள் எடுத்த சத்தத்தில் கோயில் புறாக்கள் எல்லாம் கிளம்பி ஒரு வட்டம் போட்டன. ஏரம்பரும் சேர்ந்து கத்தினார். அவருக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாது, வெறுமனே வாயைத் திறந்து கத்தினார். வித்தியாதரிசி பிரம்பைத் தூக்கி நிறுத்தச் சொன்னார், யாரும் நிறுத்தவில்லை. அழுகை ஓய்ந்த பிறகுதான் வாய்ப்பாடும் ஓய்ந்தது.

இவ்வளவு உற்சாகமாக வாய்ப்பாடு சொல்லும் பிள்ளைகளைத் தான் வடமராட்சி முழுவதிலும் கண்டதில்லை என்றார் வித்தியாதரிசி. நமசிவாயத்துக்கு அது காதில் விழவேயில்லை. ஒரு பிள்ளை அழுதது, அது தன் பிள்ளை, ஆனால் யாரும் வாயால் சொல்லாதவரை அதைத் தான் அறிந்தவரல்ல. கையிலிருந்த வெண்கட்டி இரண்டாய் உடைந்தது.

எங்கள் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை பிறந்ததும் மருத்துவிச்சி ஒரு பொருளை வீட்டுக் கூரைக்கு மேலால் அந்தப் பக்கம் விழ எறிவாள். ஆணென்றால் உலக்கை, பெண்ணென்றால் விளக்குமாறு. உலக்கை ஏன் ஆணுக்கு, விளக்குமாறு ஏன் பெண்ணுக்கு என்று கேட்டால், கேட்டவரின் தலைக்குத்தான் உலக்கை வரும். வாய் திறக்கக்கூடாது என்று பூரணம் இரத்தினம்மாவிடம் ஆயிரம் தரம் சொல்லியிருந்தாள். இரத்தினம்மாவும் வாய் திறக்கவில்லை. ஆனால் கையைப் பற்றி அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே.

கூரை முகட்டுக்கு மேலால் ஒரு விளக்குமாறு எழும்பியது. வெயிலில் ஈர்க்குகள் மினுங்க, ஆறுதலாக ஒரு குட்டிக்கரணம் போட்டு, அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. மடத்தில் இருந்தவர்கள் அத்தனைபேரும் கண்டார்கள். அத்தனைபேரும் உடனே வேறெங்கோ பார்த்தார்கள். ஏரம்பர் தன் கால் பெருவிரலை உற்றுப் பார்த்தார். வித்தியாதரிசியின் மீசை ஒருபக்கம் கொஞ்சம் அசைந்தது. அவரும் யாழ்ப்பாணத்தார்தானே. ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

நமசிவாயத்துக்கு நிலத்தில் நிற்கிறோமா என்பதே சந்தேகமாகிவிட்டது. பெண்! சிரிப்பு தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினால் கண்ணால் வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே எழுதியிருந்த ஒரு கணக்கின் மேல் அதே கணக்கை இன்னொரு தரம் எழுதினார். சிரிப்பின் அடியில் ஒரு பயமும் குத்திக்கொண்டிருந்தது. விளக்குமாறு பிள்ளையைப் பற்றிச் சொல்லும், தாயைப் பற்றிச் சொல்லாது. பூரணம் எப்படியிருக்கிறாள்?

இந்த நேரத்தில் கிறிஸ்துநாயகம் வாத்தியார் சைக்கிளில் வந்து மதில் வாசலில் இறங்கினார். வித்தியாதரிசிக்கு மரியாதை சொல்ல வந்தவர். வழியில் அந்த விளக்குமாறு பறந்ததைக் கண்டு நல்ல செய்தியையும் அறிந்துகொண்டு வந்தவர். வேதக்காரருக்குத் துடக்கு ஏது, வாயைக் கட்டவேண்டிய அவசியந்தான் ஏது? கள்ளமில்லாத மனுஷன். முகமெல்லாம் சிரிப்பாக, நமசிவாயம் வாத்தியார், உங்களுக்கு, என்று தொடங்கினார்.

எட்டாம் வாய்ப்பாடு வெடித்தது. கிறிஸ்துநாயகம் திகைத்து, பொறுத்திருந்து, அது முடிந்ததும் மறுபடி வாயைத் திறந்தார். ஒன்பதாம் வாய்ப்பாடு. மூன்றாம் முறை அவர் கையை மட்டும் தூக்கினார், குருக்கள் மணியைப் பிடித்து அடிக்கத் தொடங்கிவிட்டார், பிள்ளைகள் எழும்பி நின்று தேவாரம் பாடினார்கள். பூசை நேரமோ என்று நினைத்து வித்தியாதரிசியும் எழும்பிக் கைகூப்பினார். சைவப் பள்ளிக்கூடத்தில் தன்னைக் கண்டால் இவ்வளவு வெறுப்பா என்று மனம் நொந்து கிறிஸ்துநாயகம் வேப்பமரத்தடிக்குப் போய் நின்றார்.

மணி ஓய்ந்த அந்த அமைதியில் மதிலுக்கு அப்பாலிருந்து பூரணத்தின் குரல் கணீரென்று கேட்டது.

"இரத்தினம்மா, இதென்ன கஞ்சியோ? உப்பைக் காணேல்லை. உன்ரை விளக்குமாத்தை எறியத் தெரிஞ்ச உனக்கு உப்புப் போடத் தெரியேல்லையே?"

கஞ்சியைப் பற்றிய பேச்சு, பிள்ளையைப் பற்றி ஒரு சொல் இல்லை, ஆகவே துடக்கில்லை. நமசிவாயம் தூணைப் பிடித்துக்கொண்டார். ஏழு ஊர் கேட்கத் திட்டுகிறாள், அப்படியென்றால் முழுச் சுகம். உலகத்திலே அந்தத் திட்டைப் போல இனிமையான ஒன்றை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. வித்தியாதரிசியின் காலடியில் விழுந்து கும்பிடலாமா, இல்லை அவரைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றலாமா என்று தெரியாமல் நின்றார்.

வித்தியாதரிசி பேனாவை மையில் தோய்த்தார். படிப்புத் திருப்தி, வரவு திருப்தி என்று சொல்லிக்கொண்டே எழுதினார். எழுதியவர் நிமிர்ந்து பிள்ளைகளை ஒரு முறை கண்ணால் அளந்தார். பேனா நின்றது. பெண்பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்.

போன முறை வந்தவரே சொல்லியிருந்ததாகவும், ஒரு பெண்பிள்ளைகூட இல்லாவிட்டால் சந்திப் பள்ளிக்கூடத்தோடு சேர்த்துவிடச் சொல்லி எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும் வித்தியாதரிசி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நமசிவாயம் ஏரம்பரின் காதருகே போனார்.

"பெரியப்பு, கோயில் வாசலிலை பண்ணின சத்தியம்."

ஏரம்பர் கால் பெருவிரலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன சத்தியம்? நான் ஒண்டும் கேள்விப்படேல்லையே."

கிழவன் பிடித்த பிடி அப்படி. உண்மைதான், அவர் ஒன்றும் கேள்விப்படவில்லை. சொல்லாவிட்டால் பேத்திகள் வரமாட்டார்கள், பள்ளிக்கூடம் போகும். சொன்னால் துடக்கு விழும், பிள்ளைகள் எல்லாரும் கலைவார்கள், பள்ளிக்கூடம் அப்போதும் போகும். காலையிலிருந்து ஊரே சேர்ந்து கட்டிக் காத்த மௌனம் இப்போது ஏரம்பருக்குத்தான் காவல் நின்றது. பேனா மறுபடி மைக்கூட்டுக்குள் போனது. நமசிவாயம் அந்தப் பேனாவைப் பார்த்தார், பின்மதிலுக்கு மேலே தெரிந்த கூரை முகட்டைப் பார்த்தார். தன் மகள் பிறந்ததை மறைத்து அவளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் காப்பாற்றுவதாவது என்று நினைத்தபோது ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாய்ப் பொங்கின. இரண்டையும் அடக்க அவரால் முடியவில்லை.

"எல்லாரும் கேளுங்கோ. எனக்குப் பொம்பிளைப்பிள்ளை பிறந்திருக்கு."

சொன்னது காணாதென்று இன்னொரு தரமும் சொன்னார். இரண்டாம் முறைக்கு அவசியமேயில்லை, சொல்லச் சொல்ல வாய் இனித்தது. ஏரம்பர் காதைப் பொத்தினார். பிந்திவிட்டது.

பிறகு நடந்ததைப் பள்ளிக்கூடம் என்று சொல்ல முடியாது. துடக்கு, துடக்கு என்று கூவிக்கொண்டு பிள்ளைகள் நாலு பக்கத்தாலும் பாய்ந்தார்கள். சிலேட்டுகள் பறந்தன. வாசலால் போக இடமில்லாதவர்கள் மதிலால் ஏறிக் குதித்தார்கள். ஏரம்பர் சால்வை ஒரு பக்கம், தான் ஒரு பக்கமாக ஓடினார். எல்லாருக்கும் பின்னால் நமசிவாயம் சிரித்துக்கொண்டே ஓடினார். கண் மூடித் திறப்பதற்குள் மடத்தில் குருக்களும், குருக்களின் மகனும், கையில் பேனாவோடு வித்தியாதரிசியும் மட்டுமே இருந்தார்கள். குருக்களின் மகன் கடமை தவறாமல் பத்தாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினான். தகப்பன் அவன் வாயைப் பொத்தினார்.

வித்தியாதரிசி வெறுமையான மடத்தைச் சுற்றிப் பார்த்தார். வெளியே வேப்பமரத்தடியில் மூச்சிரைக்க நின்ற வாத்தியாரைப் பார்த்தார். இனி முடிந்தது என்று நமசிவாயம் நினைத்தார். பெண்பிள்ளையும் இல்லை, ஆண்பிள்ளையும் இல்லை, கட்டடமும் இல்லை. அப்படியும் சந்தோஷம் குறையவில்லை, அதுதான் அவருக்கே புதினமாக இருந்தது.

"வாத்தியார்," என்று வித்தியாதரிசி மதிலுக்குள் இருந்தே கூப்பிட்டார். "கட்டடத்தைப் பாத்து எழுதியாச்சு, எழுதினதை நான் அழிக்கிறதில்லை. இனிப் பாக்கவேண்டியது பிள்ளையளைத்தானே? ஆராவது இந்தக் கதிரையை வெளியிலை தூக்குங்கோ."

துடக்குக்காரர் உள்ளே போக முடியாது. துடக்கில்லாத கை ஒன்றுதான் பக்கத்தில் நின்றது. கிறிஸ்துநாயகம் வாத்தியார், நடந்தது இன்னதென்று இப்போதுதான் விளங்கி, வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே வாசலுக்குப் போய், குருக்கள் நீட்டிய கதிரையை வாங்கிவந்து வேப்பமரத்தடியில் வைத்தார். தன் பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய பிள்ளைகளைத் தானே தடுக்கிறோம் என்பது அவருக்கு வீடு போன பிறகுதான் உறைத்திருக்கும்.

வித்தியாதரிசி அமர்ந்தார். பிள்ளைகள் மணலில் வரிசையாகக் குந்தினார்கள். பெண்பிள்ளைகள், என்று அவர் மறுபடி தொடங்கவே வேண்டியிருக்கவில்லை. ஊர் முழுவதும் ஏரம்பரைப் பார்த்தது. இப்போது அவர் கேள்விப்பட்டவர். அதுவும் இரண்டு தரம் கேள்விப்பட்டவர்.

ஏரம்பர் சால்வையைத் தேடி எடுத்துத் தோளில் போட்டார். குழந்தைகள் பாயிழைத்துக்கொண்டிருக்கும், குளிக்க வார்க்க வேண்டும், நல்ல உடுப்புத் தேட வேண்டும், பொழுதுபட்டுவிடும், வித்தியாதரிசி ஐயாவுக்கு நேரம் போய்விடும் என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போகும் ஒழுங்கைப் பக்கம் நடந்தார். நடந்தவர் நாலடி போகாமலே நின்றுவிட்டார்.

ஒழுங்கை முடக்கில் அவருடைய பேத்திகள் மூன்றுபேரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். தோய்த்துலர்ந்த பாவாடை, நெற்றியில் திருநீறு, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய தலை. மூத்தவள் குணலட்சுமியின் கக்கத்தில் எங்கேயோ பொறுக்கிய உடைந்த சிலேட்டு ஒன்று. அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று படலைகள் மெல்லத் திறந்தன.

"ஆரடி உங்களுக்குச் சொன்னது?" என்றார் ஏரம்பர்.

"ஒருத்தரும் சொல்லேல்லை, அப்பப்பா," என்றாள் குணலட்சுமி. "விளக்குமாறு பறக்கேக்கையே நான் தலை இழுத்துப் பின்னிட்டன்."

சொல்லிவிட்டுத் தங்கச்சிமாரை இழுத்துக்கொண்டு அவரைக் கடந்து போய் முன்வரிசையில் இருந்தாள். ஏரம்பர் பின்னால் ஓடிப்போய், சத்தியத்துக்காக, அவள் கையை ஒருதரம் பிடித்து விட்டார்.